பன்னிரு கட்டைகளும் இருபத்திரண்டு அலகுகளும்: இசையாக்க மென்பொருளின் அண்மைப் பதிப்புகள் பற்றிய ஒரு நோக்கு

இசை பற்றிய நமது ஆராய்ச்சிகள் பெரும்பாலும் பண், இராகம், சாகித்தியம் என்னும் எல்லைக்குள்ளேயே நின்றுவிடுவன. இசை எக்கருவி கொண்டு, எவருடைய உழைப்பினால், எவருடைய உடைமையாக ஆக்கப்படுகின்றது என்னும் வினா கலைக்குப் புறம்பானதொன்றாகவே கருதப்பட்டு வந்துள்ளது. 2024ஆம் ஆண்டின் முற்பாதியில் வெளிவந்த இரு மென்பொருட் பதிப்புகள் அவ்வினாவை மீண்டும் நம்முன் நிறுத்துகின்றன. ஒன்று, பேர்லின் நகரில் 1999இல் நிறுவப்பட்ட ஏபிள்ரன் நிறுவனத்தின் 'லைவ்' என்னும் மென்பொருளின் 12ஆம் பதிப்பு. அது மார்ச் 5ஆம் நாள் வெளியாயிற்று. மற்றையது, அமெரிக்க அப்பிள் நிறுவனத்தின் 'லொஜிக் புரோ' மென்பொருளின் 11ஆம் பதிப்பு. அது மே 13ஆம் நாள் வெளியாயிற்று. முன்னையது, நான்கு தசாப்தங்களாக இசைக்கணினியை ஆட்சி செய்துவந்த பன்னிரு சுரச் சட்டத்தைச் சற்றே தளர்த்தியது. பின்னையது, வாத்தியக் கலைஞனின் வாசிப்பையே இயந்திரத்துள் இட்டுத் தந்தது. ஒரே ஆண்டில், ஒரே துறையில் நிகழ்ந்த இவ்விரண்டையும் சேர்த்து நோக்கும்போதே அவற்றின் பொருள் தெளிவாகும் என்பது நமது கருத்து.

இது நமக்கு ஏட்டளவிலான பிரச்சினையன்று. கொழும்பு நகரின் வடபகுதியிலே, துறைமுகத்தை அண்டி, தேவாலயங்களும் கோயில்களும் பண்டகசாலைகளும் நெருங்கி நிற்கும் கொட்டாஞ்சேனையை எடுத்துக்கொள்வோம். இங்கு இசை ஒரு சீவனோபாயம். ஞாயிறு பூசையின் பாடகர் குழுவிலும், மாரியம்மன் திருவிழா மேடையிலும், திருமண மண்டபத்திலும், பூப்புனித நீராட்டு விழாவிலும் 'கீபோர்ட்' வாசித்தும், தாளக்கருவி இசைத்தும், பாடியும் வருவாய் பெறுவோர் பலர். அவர்களுட் பெரும்பாலார் பகலில் வேறு தொழில் பார்ப்போர். கடைகளுக்கு மேலுள்ள சிறு அறைகளில் ஒரு கணினி, இரண்டு ஸ்தாயி அளவேயான கட்டைப் பலகை, ஓர் ஒலிவாங்கி ஆகியவற்றைக் கொண்டு பக்திப்பாடல் இறுவட்டுகளும், குறும்படங்களுக்கான பின்னணி இசையும், 'ராப்' பாடல்களும் ஆக்கப்படுகின்றன. வெள்ளவத்தையிலும் இதே நிலைதான். வானொலி நிலையத்தின் ஒலிப்பதிவுக் கூடத்திற்குள் நுழைய ஒரு தலைமுறை காத்திருந்தது. இன்று அக்கூடமே ஒரு மேசையின் மீது அடங்கிவிட்டது. ஆயின் அம்மேசையின் மீதுள்ள பொறி எவ்வகை இசையை 'இயல்பான இசை' என்று முன்கூட்டியே தீர்மானித்து வைத்துள்ளது என்பதை ஆராய்ந்தோர் சிலரே.

அப்பொறியின் இயல்பை முதலில் விளக்குதல் வேண்டும். 1983ஆம் ஆண்டிலே அமெரிக்க, ஜப்பானிய மின்னிசைக் கருவி உற்பத்தியாளர்கள் தம் கருவிகள் ஒன்றோடொன்று 'பேசுவதற்கு' ஒரு பொதுமொழியை ஏற்றுக்கொண்டனர். 'மிடி' என்னும் அம்மொழி ஒலியைச் சுமந்து செல்வதன்று. கட்டளையைச் சுமந்து செல்வது. இன்ன இலக்கமுள்ள கட்டை அழுத்தப்பட்டது, இவ்வளவு வேகத்துடன் அழுத்தப்பட்டது, பின்னர் விடப்பட்டது என்பதே அது கூறும் செய்தி. கட்டைகளுக்கு 0 முதல் 127 வரை இலக்கங்கள் உண்டு. 69ஆம் இலக்கம் வினாடிக்கு 440 அதிர்வு கொண்ட சுரம். ஒவ்வொரு பன்னிரண்டு இலக்கத்திற்கும் ஒரு ஸ்தாயி. பின்னர் வந்த இசையாக்க மென்பொருள்கள் யாவும் இம்மொழியின் மீதே கட்டப்பட்டன. திரையின் இடப்புறத்தில் பியானோவின் கட்டைகள் நிமிர்ந்து நிற்க, வலப்புறத்தே காலம் கட்டம் கட்டமாக ஓட, சுரங்கள் அக்கட்டங்களுள் சிறு செங்கற்களாக அடுக்கப்படும் காட்சி இத்துறையில் பழகிய எவருக்கும் தெரிந்ததே. இசை என்பது தனித்தனிச் சுரங்கள், சுரமென்பது ஒரு கட்டை, கட்டைகள் பன்னிரண்டு, காலமென்பது சம அளவான கட்டங்கள்: இக்கருத்துகள் எவையும் எங்கும் கொள்கையாக எழுதிவைக்கப்படவில்லை. எழுதிவைக்கப்படாமையினாலேயே அவை வலிமை பெற்றன. கருத்தியல் பெரும்பாலும் இவ்வாறே இயங்குகின்றது.

நமது இசை பன்னிரு கட்டைகளைச் சந்திப்பது இது முதற்றடவையன்று. பாரிசு நகரில் 1842இல் அலெக்ஸாந்தர் டெபேன் என்பவர் காப்புரிமை பெற்ற ஆர்மோனியம், அந்நூற்றாண்டின் பிற்பகுதியிலே கல்கத்தாவில் தரையிலிருந்து கையால் துருத்தி இயக்கும் கருவியாக மாற்றம் பெற்றது. பார்சி நாடகக் குழுக்கள் அதனைத் துணைக்கண்டம் முழுவதும் கொண்டு சென்றன. 1889இல் கொழும்புக்கு வந்த எல்பின்ஸ்ரன் நாடகக் குழுவின் இசையே சிங்கள நூர்த்தி அரங்கிற்கு வித்திட்டது. சங்கரதாஸ் சுவாமிகள் முதலியோர் வளர்த்த தமிழ் இசை நாடக மேடையிலும் ஆர்மோனியக்காரரே நாயகர் போல வீற்றிருந்தார். மலிவானது, சுருதி கலையாதது, எவரும் விரைவிற் பழகத்தக்கது, கூட்டத்தின் கடைசி வரிசைக்கும் கேட்பது: அதன் வெற்றிக்கான காரணங்கள் இவையே. இந்திய வானொலி 1940ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஆர்மோனியத்தைத் தடைசெய்தது. அத்தடை 1971 வரை நீடித்தது. நமது இசையின் நுண்சுருதிகளை அது கொல்கின்றது என்பதே கூறப்பட்ட காரணம். சுருதி பற்றிய வாதம் உண்மையானதே. ஆயினும் தடைசெய்தோர் அதனை வாசித்துப் பிழைத்த ஆயிரக்கணக்கான மேடைக் கலைஞரை ஒரு கணமும் எண்ணியிருப்பார்களா என்பது ஐயத்திற்குரியது. தூய்மைவாதம் சுரத்தைக் காக்கப் புறப்பட்டு மனிதனை மறந்துவிடுதல் நமது பண்பாட்டு வரலாற்றில் அரிதானதன்று.

பன்னிரு கட்டைச் சம அளவை எவ்வாறு உலகப் பொதுவாயிற்று? சமூகவியலறிஞர் மக்ஸ் வெபர், அவர் மறைந்தபின் 1921இல் வெளியான இசைச் சமூகவியல் நூலிலே, ஐரோப்பிய இசையின் பகுத்தறிவுமயமாக்கத்தையும் பியானோ நடுத்தர வர்க்க இல்லத்தின் தளபாடமானதையும் இணைத்து நோக்கினார். வெபருடன் நாம் உடன்படாதன பலவுள. எனினும் ஓர் இசையளவை வெற்றி பெறுவதற்குச் செவியின் இயல்பு மட்டும் காரணமன்று, கருவி உற்பத்தியும் சந்தையும் காரணம் என்று அவர் கண்டது மனங்கொள்ளத்தக்கது. எந்தச் சுரத்தைத் தொடக்கமாகக் கொண்டாலும் ஒரே மாதிரி ஒலிக்கவேண்டும், பல கருவிகள் ஒரே வரைமுறையிற் பெருவாரியாக உற்பத்தியாக வேண்டும் என்னும் தேவைகளுக்குச் சம அளவையே வசதியானது.

அவ்வசதிக்குக் கொடுத்த விலையை எண்களாற் காட்டலாம். ஆங்கில அறிஞர் அலெக்ஸாந்தர் எல்லிஸ் 1885இலே உலக மக்களின் இசையளவைகளை ஒப்பிடுவதற்காக ஒரு ஸ்தாயியை 1200 'சென்ற்'களாகப் பகுத்தார். பியானோவின் அடுத்தடுத்த கட்டைகளுக்கு இடையே 100 சென்ற். குரலுக்கும் இளிக்கும், அதாவது சட்சத்துக்கும் பஞ்சமத்துக்கும், உள்ள இயற்கை உறவு 2:3. அதன் அளவு ஏறத்தாழ 702 சென்ற். கட்டையில் அது 700. இவ்வேறுபாட்டைச் செவி பொறுத்துக்கொள்ளும். அந்தர காந்தாரத்தின் இயற்கை உறவு 4:5. அளவு ஏறத்தாழ 386 சென்ற். கட்டையிலோ 400. தம்புராவை நன்கு சுருதி கூட்டி மீட்டினால் ஒருவரும் பாடாமலே தானாக எழும் காந்தாரத்திற்கும், பக்கத்தில் ஒலிக்கும் கீபோர்ட்டின் காந்தாரத்திற்கும் இடையிலுள்ள இந்த 14 சென்ற் பூசல் பயிற்சியுள்ள செவிக்கு உடனே புலனாகும். எல்லிஸ் தமது ஒப்பீட்டினால் அடைந்த முடிவும், இசையளவை இயற்கை தந்த ஒன்றன்று, மக்கள் ஆக்கிய பலவாகும் என்பதே. அவர் அதைக் கூறி ஒரு நூற்றாண்டு கழிந்த பின்னரும் மென்பொருள் உலகம் ஒன்றையே அறிந்திருந்தது.

மாற்று முயற்சிகள் இல்லாமலில்லை. லொஜிக் முதலியவற்றில் கட்டைகளின் சுருதியைச் சிறிது ஏற்றியிறக்கும் வசதி முன்னரே இருந்தது. ஆனால் கட்டைகள் பன்னிரண்டு என்பது மாறவில்லை. ஈராக்கிய இசைஞர் கயாம் அல்லாமி, அரபு இசையின் நுண்சுரங்களை இம்மென்பொருள்கள் 'பிழை' போல நடத்துவதைக் கண்டித்து, 2021இல் இலவசமாகப் பயன்படுத்தத்தக்க இரு கருவிகளை வெளியிட்டார். மேலைய அளவையை மையமாகக் கொண்ட இவ்வமைப்பு காலனித்துவத்தின் தொடர்ச்சி என்னும் விவாதம் அப்போது இசைத்துறையிற் பரவலாயிற்று. 'லைவ்' 12இன் சுருதியமைப்பு வசதி இப்பின்னணியிலே வந்தது.

அவ்வசதி செய்வது இதுதான். பயன்படுத்துவோர் ஒரு சுருதியமைப்பைத் தெரிவு செய்தால், மென்பொருளின் சொந்த இசைக்கருவிகள் யாவும் அவ்வமைப்பின்படி ஒலிக்கும். அமைப்பில் 22 சுரங்கள் இருந்தால், திரையில் ஒரு ஸ்தாயிக்கு 22 வரிசைகள் தோன்றும். கறுப்பு வெள்ளைக் கட்டைகளின் பழைய ஓவியம் மறைந்துவிடும். 'ஸ்காலா' என்னும் கோப்பு வடிவத்தில் எழுதப்பட்ட எந்த அளவையையும் உள்ளே கொண்டுவரலாம். ஸ்காலா என்பது ஒல்லாந்தரான மானுவல் ஒப் டே கூல் என்பவர் ஆக்கி இலவசமாக வழங்கிய மென்பொருள். அதனுடன் பல நாட்டு ஆர்வலர் சேகரித்த 5,000க்கு மேற்பட்ட அளவைகள் கொண்ட களஞ்சியமும் உண்டு. விலைக்கு விற்கப்படும் புதுமையின் அடியிலே கூலியின்றித் திரட்டப்பட்ட பொது அறிவு கிடக்கின்றது என்பதை இவ்விடத்துக் குறித்துக்கொள்வோம்.

தமிழாய்வாளருக்கு இவ்வசதியின் முக்கியத்துவம் யாது? தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலிலே, ஸ்தாயியை இருபத்திரண்டு சுருதிகளாகக் கொள்ளும் சார்ங்கதேவர் வழிமரபை மறுத்து, அது சமமான இருபத்துநான்கு கூறுகளையுடையதென வாதிட்டார். காரைதீவிற் பிறந்தவரும், இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியருமான சுவாமி விபுலாநந்தர் 1947இல் வெளிவந்த 'யாழ்நூ'லிலே இருபத்திரண்டு அலகுகளைக் கணிதமுறையால் நிறுவினார். விபுலாநந்தர் லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி. சிலப்பதிகார அரங்கேற்று காதையையும் நரம்பின் நீளத்தையும் ஒரே மேசையில் வைத்து ஆராயும் பயிற்சி அவருக்கிருந்தது. இவ்விரு நூல்களும் நம்மிடையே போற்றப்படுகின்றன. போற்றப்படும் அளவிற்குக் கேட்கப்படவில்லை. ஏனெனில் அவை கூறும் அளவைகளை ஒலியாக்கிச் செவியால் ஒப்பிடுவதற்குரிய கருவி நம் மாணவர் கையில் இருக்கவில்லை. எண்களைப் பற்றிய விவாதம் எண்களாகவே நின்று, ஈற்றில் யார் பெரியவர் என்னும் பக்த விவாதமாகச் சீரழிந்தது.

இப்போது அதனைக் கேட்கலாம். பண்டிதரின் இருபத்துநான்கில் ஒவ்வொரு கூறும் 50 சென்ற். எனவே பியானோவின் பன்னிரு கட்டைகளும் அதனுள் அப்படியே அடங்கும். அந்தர காந்தாரம் எட்டாவது கூறில், அதே 400இல் நிற்கும். சார்ங்கதேவரை மறுக்கப் புறப்பட்டவர், கணித நோக்கில், ஆர்மோனியத்தின் அயலிலேயே வந்து நின்றார் எனலாம். அதனை ஒரு குறைபாடாக நாம் கூறவில்லை. பிற்காலனித்துவத் தஞ்சாவூரில் அல்லாமல், பியானோ நுழைந்துவிட்ட காலனித்துவத் தஞ்சாவூரில் எழுந்த ஆய்வு அது என்பதையே கூறுகின்றோம். மறுபுறத்தில், தமிழ் மரபு குரல் முதல் தாரம் ஈறாக ஏழு நரம்புகளுக்கும் முறையே நான்கு, நான்கு, மூன்று, இரண்டு, நான்கு, மூன்று, இரண்டு என அலகு வகுத்தது, கூட்டினால் இருபத்திரண்டு. இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். இருபத்திரண்டையும் சமகூறாகப் பகுத்தால் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 54.5 சென்ற் ஆகும். குரலுக்கு மேல் பதின்மூன்றாம் அலகில் நிற்கும் இளி 709க்கு ஏறிவிடும். இயற்கை அளவு 702 என்பதால், தம்புராவுடன் அது ஒத்துப்போகாது. ஆகவே அலகுகள் சமமானவையாக இருத்தல் இயலாது. பின்ன விகிதங்களால் விளக்கும் பொதுவான கணிப்பின்படி அவற்றுட் சிறியது ஏறத்தாழ 22 சென்ற். பெரியது ஏறத்தாழ 90. களஞ்சியத்திலிருந்து '22' என்னும் இலக்கத்தை மட்டும் பார்த்து ஒரு கோப்பை எடுத்து, இதுவே பழந்தமிழிசை என்று பரப்பும் ஆபத்து உண்டு. பழம்பெருமையும் புதுப்பொறியும் கூடினால் விளையும் விபரீதங்களை நாம் வேறு துறைகளிலும் கண்டுள்ளோம்.

அலகுப் பிரச்சினை தீர்ந்தாலும் கமகப் பிரச்சினை தீர்வதில்லை. இருபத்திரண்டு கட்டைகளும் கட்டைகளே. தோடியின் காந்தாரம் ஒரு புள்ளியன்று. ரிஷபத்திற்கும் மத்திமத்திற்கும் இடையே ஊசலாடும் ஒரு பாதை. அப்பாதையை எண்களாக்கும் நுண்மை பொறியிடம் இல்லாமலில்லை: சுருதியை வளைக்கும் கட்டளைக்கு 'மிடி' மொழி தொடக்கத்திலேயே 16,384 படிகளை ஒதுக்கியிருந்தது. ஆனால் அக்கட்டளை ஒரு தடத்தில் ஒலிக்கும் எல்லாச் சுரங்களையும் ஒருசேர வளைத்தது. ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனியே வளைவு தரும் விரிவாக்கம் 2018இலேயே பொதுவிதியாக ஏற்கப்பட்டது. அதற்குரிய கட்டைப் பலகைகள் விலை கூடியவை. கொட்டாஞ்சேனைக் கலைஞன் இன்றும் வலக்கையாற் கட்டையை அழுத்தி இடக்கையாற் சில்லைச் சுழற்றியே நாதஸ்வரத்தின் பிருகாவைக் கொணர முயல்கின்றான். அவ்விடக்கையின் நுட்பம் எந்தப் பதிப்பின் விளம்பரத்திலும் இடம்பெறாத ஒரு கலைத்திறன். குரலிசையின் நிலை இதனினும் கவலைக்குரியது. எண்ணெய் வளம் தேடும் நிலவதிர்வு ஆய்வின் கணித முறையிலிருந்து பிறந்து 1997இல் சந்தைக்கு வந்த 'ஓட்டோ டியூன்', பாடகரின் குரலை அருகிலுள்ள கட்டைக்கு இழுத்து நிறுத்துகின்றது. கவனமின்றிப் பயன்படுத்தினால் கமகமே பிழையாகக் கொள்ளப்பட்டுத் திருத்தப்பட்டுவிடும்.

'லைவ்' 12இன் ஏனைய புதுமைகளை விரித்துரைக்க வேண்டியதில்லை. எண்களை ஏற்றியிறக்கித் தாளக்கோலங்களையும் சுரக்கோவைகளையும் தானே பிறப்பிக்கும் கருவிகள் சில வந்துள்ளன, சிறிதுநேரப் பொழுதுபோக்கு. ஓர் ஒலியைக் கொடுத்தால் அதையொத்த ஒலிகளைக் களஞ்சியத்திலிருந்து தேடித்தரும் வசதியும் உண்டு. நேரத்தை மிச்சப்படுத்துவது, அதேவேளை எல்லாப் பாடல்களும் ஒன்றுபோல ஒலிக்கத் துணைசெய்வது. ஆயின் ஒன்றைக் குறிப்பிடாது விடலாகாது: திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருள்களுடன் இப்பதிப்பு இணைந்து இயங்குவதால், பார்வையற்ற இசைக்கலைஞர் முன்னர் பிறர் துணையின்றி நுழைய முடியாதிருந்த இடத்தில் தாமே பணியாற்ற இயலும். இதற்கு இசை ஏடுகள் அளித்த இடம் சொற்பம். நமது மதிப்பீட்டில் இதுவே அப்பதிப்பின் மிக உண்மையான முன்னேற்றம்.

இனி லொஜிக். அதன் 2013ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே 'டிரம்மர்' என்னும் இயந்திரத் தாளக்காரர் வந்துவிட்டார். 2024இல் அவருக்குத் துணையாக 'பேஸ்' வாசிப்பவரும் கட்டைக்கருவி வாசிப்பவரும் சேர்ந்தனர். பாடலின் சுரக்கூட்டு ஒழுங்கை மேலே எழுதிவிட்டால், அதனைப் பின்பற்றி இவர்கள் வாசிப்பர். எளிமையாக, சிக்கலாக, மென்மையாக, வன்மையாக என்று கட்டளையிடலாம். சிறந்த வாத்தியக் கலைஞரின் ஒத்துழைப்புடனும் செயற்கை நுண்ணறிவின் துணையுடனும் இவ்வாசிப்பாளர் பயிற்றப்பட்டதாக அப்பிள் நிறுவனமே கூறுகின்றது. இது உயிருள்ள உழைப்பு ஒருமுறை விலைக்கு வாங்கப்பட்டு, இயந்திரத்தில் உறைந்து, பின்னர் அதே தொழிலைச் செய்யும் ஏனைய உழைப்பாளருக்கு எதிராகச் சந்தையில் நிறுத்தப்படும் செயன்முறையாகும். 'மூலதன'த்தின் முதலாம் தொகுதியில், இயந்திரம் பற்றிய அத்தியாயத்தில், மார்க்ஸ் நூற்பாலையை முன்வைத்து விளக்கியதும் இதுவே. அங்கே இயந்திரம் கைவினைஞனின் விரலசைவை எடுத்துக்கொண்டது. இங்கே அவனது இரசனையை, 'இவ்விடத்தில் இவ்வளவு வாசிக்க வேண்டும், இவ்விடத்தில் நிறுத்த வேண்டும்' என்னும் தீர்ப்பை எடுத்துக்கொள்கின்றது. தாளம் கூட்டுழைப்பிலே பிறந்ததென ஜோர்ஜ் தொம்சனை அடியொற்றி நாம் வகுப்பறையிற் கூறிவருகின்றோம். கூட்டாளி எவருமின்றி, ஒருவர் தனியறையில் அமர்ந்து, கூடி வாசிக்கும் உணர்வை ஒரு திருகினால் ஏற்றியிறக்கும் இக்காலத்தை அக்கூற்றுடன் எவ்வாறு பொருத்துவது என்பது வகுப்பறையில் இன்னும் எழாத வினா.

கொழும்பின் இசைத்தொழில் கூட்டுழைப்பாக இருந்த காலம் மிகத் தொலைவிலுள்ளதன்று. ஆர். முத்துசாமி, எம். கே. ரொக்சாமி போன்ற தமிழ் இசைக்கலைஞர் சிங்களத் திரைப்படங்களுக்கு இசையமைத்த காலத்திலும், 1970களில் இலங்கை வானொலியின் தமிழ் மெல்லிசைப் பாடல்கள் ஒலிப்பதிவானபோதும், வயலின், புல்லாங்குழல், தபேலா, கிற்றார் வாசிப்போர் ஒரே கூடத்தில் அமர்ந்து, ஒருவர் பிழைத்தால் எல்லாரும் மீண்டும் தொடங்கினர். நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலியோரின் பொப் இசையும் மேடையில் ஒரு குழுவை வேண்டி நின்றது. சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் பறங்கியரும் ஒரே வாத்தியக்குழுவில் உழைத்தமை இந்நாட்டின் பண்பாட்டு வரலாற்றில் போதியளவு எழுதப்படாத ஓர் அத்தியாயம். ஆறுபேர் வாங்கிய ஊதியத்தை ஒருவர் வாங்கும் நிலை கீபோர்ட் வந்தபோதே தோன்றியது. இப்போது அவ்வொருவரின் இருக்கையும் உறுதியற்றதாகியுள்ளது.

இதற்கு இயந்திரத்தைத் தடைசெய்தல் விடையாகாது. 1982இல் பிரித்தானிய இசைக்கலைஞர் சங்கத்தின் மத்திய லண்டன் கிளை, மின்னிசைக் கருவிகளையும் தாள இயந்திரங்களையும் கட்டுப்படுத்தக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது; அது நடைமுறையில் எதையும் சாதிக்கவில்லை. ஆர்மோனியத் தடையும் மேடையிலிருந்து ஆர்மோனியத்தை அகற்றவில்லை. இயந்திரத்தையும் அது பயன்படுத்தப்படும் சமூக முறையையும் வேறுபடுத்திக் காண்பதற்குத் தொழிலாளருக்குக் காலமும் அனுபவமும் தேவைப்பட்டன என்று மார்க்ஸ் எழுதினார். நமது இசைக்கலைஞருக்கும் அது பொருந்தும்; அவர்களுக்கு ஒரு தொழிற்சங்க அனுபவமும் இல்லை என்பதே மேலதிகச் சிக்கல்.

லொஜிக் 11இன் மற்றொரு புதுமை, கலந்து பதிவான பாடலைக் குரல், தாளம், பேஸ், எஞ்சியவை என நான்காகப் பிரித்துத் தருவது. 'எஃப். எல். ஸ்ரூடியோ' என்னும் பெல்ஜிய மென்பொருள் இதனை 2023இலேயே வழங்கியிருந்தது. ஒரேயொரு நுண்கற்றையில் எல்லாம் சேர்ந்து பதிவான பழைய வானொலிப் பாடல்களைத் துலக்கிப் பாதுகாக்க இது பேருதவி. கரோக்கே இசைக்குப் பாடும் மேடைப் பாடகருக்கும், பாடகர் குழுவைப் பயிற்றும் தேவாலயத்திற்கும் உடனடிப் பயனுண்டு. ஆயின் பிரித்தெடுத்த வயலினை வேறொரு பாடலில் ஒட்டும்போது அவ்வயலின்காரருக்கு உரியது யாது? இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நிகழ்த்துநரின் உரிமைக்கு 50 ஆண்டு வரையறை செய்கின்றது. 1970களின் வாசிப்புகள் அவ்வயதை எட்டிவிட்டன, அல்லது எட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றைப் பிரிக்கும் பொறி சரியாக அவ்வேளையிற் கைக்கு வந்துள்ளது. பெரும்பாலான பதிவுகளில் வாத்தியக்காரரின் பெயரே எழுதப்படவில்லை என்பதைக் கருதும்போது, சட்டத்தின் 50 ஆண்டும் பெயரளவிலானதே.

உடைமை பற்றிய வினா விலையில் மட்டும் அடங்கிவிடுவதன்று. எனினும் விலையிலிருந்து தொடங்கலாம். 'லைவ்' 12 வெளிவந்தபோது அதன் முழுப்பதிப்பு 749 அமெரிக்க டொலர். டொலரொன்று ஏறத்தாழ 300 ரூபா என்று கொண்டால் 2,24,700 ரூபா. 2025 ஏப்ரலில் இலங்கையின் தேசிய ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 27,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. அதன்படி எட்டு மாதங்களுக்கு மேற்பட்ட உழைப்பு. 2022இல் ரூபா வீழ்ந்தபோது இத்தொலைவு இன்னும் அகன்றிருந்தது. லொஜிக்கின் விலை 200 டொலரளவே. ஆனால் அது அப்பிள் கணினியில் மட்டுமே இயங்கும். கணினியை விற்பதற்கான தூண்டில் என்றே அதனைக் கொள்ளவேண்டும். லொஜிக் முதலில் ஜேர்மனியின் ஈமாஜிக் என்னும் சிறு நிறுவனத்தின் ஆக்கம். 2002இல் அப்பிள் அந்நிறுவனத்தை விலைக்கு வாங்கியது. அவ்வாண்டே விண்டோஸ் கணினிகளுக்கான பதிப்பு நிறுத்தப்பட்டது. பல ஆண்டுகள் உழைத்துக் கற்ற கருவி, கற்றவர் எவரையும் கேளாமல் ஓர் உடன்படிக்கையால் கைநழுவிப்போனது. இந்நிலையில் நம் இளைஞர் பலர் 'கிராக்' எனப்படும் பூட்டுடைத்த பிரதிகளைப் பயன்படுத்துவதை ஒழுக்கப் பிரச்சினையாக்கிப் பேசுவது மேலோட்டமானது. அதேவேளை, பூட்டுடைத்த பிரதி கருவியைத் தருமேயன்றி அதன் வருங்காலத்தைத் தீர்மானிக்கும் உரிமையைத் தராது.

எனவேதான் விலையேதுமின்றிக் கிடைக்கும் ஸ்காலா கோப்பிற்கு நாம் மீண்டும் வருகின்றோம். அது ஒரு சாதாரண எழுத்துக்கோப்பு. முதல் வரியில் அளவையின் விவரிப்பு. அடுத்த வரியில் சுரங்களின் எண்ணிக்கை. அதன்பின் வரிக்கொன்றாக விகிதங்கள் அல்லது சென்ற் அளவுகள். இறுதி வரி ஸ்தாயியை நிறைவு செய்யும் 2/1. 'யாழ்நூ'லின் அலகுகளை இவ்வாறு எழுத மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. பழைய கணினியே போதும். எழுதியதைப் பல இலவச மென்பொருள்களிலும் ஒலிக்கச் செய்யலாம். ஆயின் அதனைத் தமிழ்த்துறை தனித்துச் செய்தல் இயலாது. விபுலாநந்தரின் விகிதங்களை நூலிலிருந்து பிழையின்றி எடுக்க ஓர் ஆய்வாளரும், அவற்றைச் சரிபார்க்கக் கணிதம் பயின்ற ஒருவரும், ஒலித்ததைக் கேட்டு 'இது காம்போதியின் காந்தாரம், இது அன்று' என்று சொல்லத்தக்க ஒரு வீணைக் கலைஞரும் பாடகரும், கமகத்தைச் சில்லினால் வளைத்துப் பழகிய ஒரு கொட்டாஞ்சேனைக் கீபோர்ட் கலைஞரும் ஒரே மேசையில் அமரவேண்டும். பண்டிதரின் இருபத்துநான்கையும் அருகே வைத்துக் கேட்கவேண்டும். இரண்டு கோப்புகளும் சேர்ந்து ஐம்பது வரிகளளவே வரும். விவரிப்பு வரியில் நூலின் பெயரும் ஆண்டும், கணித்தோர், கேட்டோர் அனைவரின் பெயரும் எழுதப்படுதல் வேண்டும்.